டிக்கன்ஸின் இளமைத் துன்பம்

சார்ல்ஸ் டிக்கன்ஸ் என்னும் ஆங்கில நாவலாசிரியரின் பெயரை அறியாத மாணாக்கர் நம்மில் மிகச் சிலரே. ஆயினும், அவர் நூல்களைக் கற்று மகிழ்வோருள்ளும் அவர் இளமையில் எய்திய இடுக்கணை அறிந்தோர் பலரல்லர். அதனை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

இவர் 1812-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் 7-ஆம் நாள் போர்ட்ஸ்மத் நகரில் பிறந்தார். தந்தையார் ஜான் டிக்கன்ஸ், கடற்படைச் சம்பள அலுவலகத்தில் எழுத்தர். அன்புடையவரேனும் வரவறிந்து செலவிடும் வழக்கமில்லாதவர். 1822-இல் குடும்பம் இலண்டனுக்குப் பெயர்ந்தபின் கடன் பெருகிற்று. வீட்டுப் பொருள்கள் ஒவ்வொன்றாய் அடகுக் கடை சேர்ந்தன. சார்ல்ஸ் உயிரெனப் போற்றிய புத்தகங்களும் விலைப்பட்டன. படிப்பு நின்றது.

1824 பிப்ரவரியில், 12 வயது நிரம்பிய சில நாட்களில், பாதரட்சைகளுக்குப் பூசும் கருமை செய்யும் சாலையொன்றில் அவர் வேலைக்கமர்ந்தார். தேம்ஸ் ஆற்றங்கரையில் எலிகள் மலிந்த பழங்கட்டடம் அது. கருமைக் குப்பிகளைத் தாளால் மூடி, நூலாற் கட்டி, சீட்டு ஒட்டுதல் அவர் தொழில். வாரக் கூலி ஆறேழு ஷில்லிங். அம்மாதத்திலேயே தந்தையார் கடனுக்காக மார்ஷல்சீ சிறையில் அடைக்கப்பட்டார். தாயாரும் இளைய குழந்தைகளும் பின்னர் அங்கேயே சென்று குடியிருந்தனர்.

அச்சாலையில் பாப் பேகின் என்னும் பையன் ஒருவன் இருந்தான். பெற்றோரை இழந்தவன், நூல்கட்டும் முறையைச் சார்ல்ஸுக்குக் கற்பித்தவன் அவனே. ஒருநாள் சார்ல்ஸுக்கு விலாவில் கடுநோவு உண்டாக, வெற்றுக் குப்பிகளில் வெந்நீர் நிரப்பி நெடுநேரம் ஒற்றடமிட்டான். மாலையில் தனியே விட மனமின்றி வீடுவரை உடன் செல்வேன் என்றான். பெற்றோர் சிறையிலிருப்பதை வெளியிட நாணிய சார்ல்ஸ், யாரோ ஒருவர் வீட்டு வாயிலில் நின்று, அதுவே தம் இல்லமெனக் காட்டி அவனை அனுப்பிவிட்டார்.

1824 மே இறுதியில் தந்தையார் விடுதலையுற்றார். மகன் மட்டும் மேலும் சில காலம் அவ்வேலையிலேயே இருந்தார். தந்தையார் அவரை மீட்டபோதும், தாயார் மீண்டும் அங்கே அனுப்ப விரும்பினார். அதனை அவர் ஒருபோதும் மறந்திலர். பின் பள்ளி சேர்ந்து புதிய தோழரைப் பெற்றார். பழைய நாட்களைப் பற்றி அவர்களிடம் வாய்திறந்திலர். 1827-இல் குடும்பம் மறுபடியும் இடருற, 15 வயதில் வழக்கறிஞர் அலுவலகத்தில் எழுத்தரானார்.

புகழ் வந்தபின், ஆலிவர் ட்விஸ்ட் என்னும் நூலில் சிறுவர்க்குத் திருட்டுப் பயிற்றும் தீயோனுக்குப் பேகின் என்றே பெயரிட்டார். உதவிய நண்பனின் பெயர் அங்ஙனம் பயன்பட்டது வியப்பன்றோ! 1870-இல் அவர் மறைந்தபின், நண்பர் ஜான் பார்ஸ்டர் எழுதிய சரிதத்தாலேயே உலகம் இவற்றை அறிந்தது.

பசி தீர்ந்த பின்னும் நாணம் தீர்ந்திலது என்பதே இச்சரிதத்தில் நாம் காண்பது. ஏழைச் சிறார்பால் அவர் கொண்ட இரக்கம் அந்நாட்களில் வேரூன்றியதே. எனினும், அன்புடைய தோழனொருவனை அந்நாணம் வாயிலிலேயே நிறுத்திவிட்டது. சம்பளம் கட்ட வழியின்றி, அதனை அறைத் தோழரிடமும் மறைத்து வாழும் மாணாக்கர் நம்மிடையேயும் இருத்தல் கூடும். அவர்கள் பேகின்களுக்குக் கதவு திறப்பார்களாக. ஏனையோர் பேகினைப்போல் உடன் நடப்பார்களாக.