அன்பைக் கற்றுக்கொண்ட சிறுமலர்



நம் கோயில் எழும்பிய வரலாற்றையும், அதற்காக உழைத்த பெரியோர்களையும் பற்றி இந்த யூபிலி மலரின் மற்றப் பக்கங்களில் வாசிப்பீர்கள். கல்லும் சுண்ணாம்பும் கொண்டு ஆலயம் எழுப்பச் சில ஆண்டுகள் போதும். அதில் கூடுகிற நாம் ஒருவரையொருவர் நேசிக்கக் கற்றுக்கொள்வதற்கோ ஆயுள் முழுவதும் தேவைப்படுகிறது. இதை நமக்குக் காட்டியவர் 24 வயதிலேயே மரித்த ஒரு கன்னிகை. அவரே சிறுமலர் என்று நாம் அன்போடு அழைக்கும் குழந்தை இயேசுவின் புனித தெரேசம்மாள்.

பாடுபட்ட சுரூபத்தையும் ரோசா மலர்களையும் ஏந்தி நிற்கும் அவரது உருவத்தைக் காண்போர், அவர் பிறவியிலேயே சாந்தகுணம் படைத்தவர் என்று எண்ணக்கூடும். உண்மை அதுவல்ல. 1873 ஜனவரி 2-ம் நாள் பிரான்சு நாட்டின் அலான்சோன் நகரில், ஒன்பது பிள்ளைகளில் கடைசியாக அவர் பிறந்தார். சிறு வயதில் பிடிவாதம் மிகுந்தவர். நான்கு வயதில் தாயை இழந்தார். குடும்பம் லிசியே நகருக்குக் குடிபெயர்ந்தது. தாய்போல் வளர்த்த அக்காள் பவுலின் 1882-ல் கார்மேல் மடத்தில் சேர்ந்துவிட்டார். அதன்பின் தெரேசா தொட்டதற்கெல்லாம் அழுதார். அழுதுவிட்டோமே என்று மறுபடியும் அழுதார்.

1886-ம் ஆண்டு கிறிஸ்து பிறப்பு விழா. நள்ளிரவுப் பூசை முடிந்து வீடு திரும்பினார்கள். குழந்தைகளின் காலணிகளில் பரிசுகள் வைப்பது அந்நாட்டு வழக்கம். களைத்திருந்த தந்தை, இந்தச் சிறுபிள்ளை விளையாட்டு இந்த ஆண்டோடு முடிந்தால் நல்லது என்ற பொருளில் சலித்துக்கொண்டார். மாடிப்படியில் ஏறிக்கொண்டிருந்த தெரேசாவின் காதில் அது விழுந்தது. வழக்கம்போல் அழுதிருக்கலாம். ஆனால் கண்ணீரை விழுங்கிக்கொண்டு, சிரித்த முகத்துடன் இறங்கி வந்து தந்தையை மகிழ்வித்தார். தம்மை மறந்து பிறரை நினைக்கும் வரத்தை ஆண்டவர் அன்றிரவு தமக்குத் தந்தார் என்று பின்னாளில் அவரே எழுதிவைத்தார்.

1887-ல் உரோமையில் திருத்தந்தை 13-ம் சிங்கராயரின் பாதத்தில் பணிந்து, மடத்தில் சேர அனுமதி வேண்டினார். 1888 ஏப்ரல் 9-ம் நாள், 15 வயதில், லிசியே கார்மேல் மடத்தில் நுழைந்தார்.

மடம் மோட்சமாக இருக்கவில்லை. நாலு சுவருக்குள் இருபதுக்கு மேற்பட்ட கன்னியர், ஒவ்வொருவருக்கும் ஒரு சுபாவம். நோயுற்ற வயதான கன்னிகை ஒருவரை மாலைதோறும் உணவறைக்கு அழைத்துச் செல்லும் பணியைத் தெரேசா தாமே கேட்டு ஏற்றார். வேகமாக நடந்தால் விழுந்துவிடுவேன் என்பார் அந்த மூதாட்டி. மெதுவாக நடந்தால் கை பிடிக்கவில்லை என்பார். அவர் ரொட்டியை அறுக்கச் சிரமப்படுவதைக் கண்ட தெரேசா, அதையும் அறுத்துக் கொடுத்து, ஒரு புன்னகையும் தந்துவிட்டே திரும்புவார்.

மற்றொரு கன்னிகையின் பேச்சும் செயலும் அவருக்குச் சற்றும் பிடிக்கவில்லை. அவரைச் சந்திக்கும்போதெல்லாம் அவருக்காகச் செபித்தார்; இயன்ற உதவிகளைச் செய்தார். கடுஞ்சொல் நாவில் வந்தால் புன்னகை செய்தார். அதுவும் முடியாதபோது அவ்விடத்தை விட்டே ஓடினார். தம்மிடம் இவ்வளவு பிரியம் கொள்ளக் காரணம் என்ன என்று அந்தக் கன்னிகையே ஒரு நாள் வியந்து கேட்டாராம்!

1896-ல் காசநோய் வெளிப்பட்டது. உடலின் வேதனையோடு விசுவாச இருளும் அவரைச் சூழ்ந்தது. மரிப்பதற்குச் சில மாதங்களுக்கு முன், மடத்தில் ஒன்பது ஆண்டுகள் வாழ்ந்தபின், பிறரன்பு இன்னதென்று இவ்வாண்டுதான் விளங்கிற்று என்று எழுதினார். பிறருடைய குறைகளைப் பொறுத்துக்கொள்வதும், அவர்களின் பலவீனத்தைக் கண்டு திகைக்காதிருப்பதுமே அந்த அன்பு என்று கண்டுகொண்டார். 1897 செப்டம்பர் 30-ம் நாள் ஆண்டவரில் துயில் கொண்டார்.

1925-ல் திருத்தந்தை 11-ம் பத்திநாதர் அவரைப் புனிதையாக அறிவித்தார். மடத்தை விட்டு வெளியேறாத அவரை 1927-ல் புனித சவேரியாரோடு மறைபரப்பு நாடுகளின் பாதுகாவலியாக்கினார். 1997-ல் திருத்தந்தை 2-ம் அருள் சின்னப்பர் அவரைத் திருச்சபையின் மறைவல்லுநராக உயர்த்தினார். பெரும் பள்ளிகளில் பயிலாத அவர் கற்ற பாடம் அன்பு ஒன்றே.

பூசையில் சமாதானம் பகிரும் நேரத்தில் நாம் எந்தப் பக்கம் திரும்பாமல் நிற்கிறோம்? வரப்புத் தகராறு, பாகப்பிரிவினை, கலியாண வீட்டில் நேர்ந்த மனத்தாங்கல், திருவிழாக் கணக்கு என்று எத்தனை காரணங்கள்! உங்கள் மேய்ப்பனாகிய நானும் இதற்கு விலக்கல்ல. கோயிலுக்கு வர்ணம் பூசி, கொடியேற்றி, யூபிலி கொண்டாடிவிட்டு, பேசாதவரோடு பேசாமலே வீடு திரும்பினால் நாம் கொண்டாடியது என்ன?

சிறுமலருக்கே ஒன்பது ஆண்டுகள் பிடித்த பாடம் நமக்கு ஒரே நாளில் வந்துவிடாது. ஆகவே ஒருவரை மட்டும் நினைத்துக்கொள்வோம். இன்று அவருக்காக ஓர் அருள்நிறை மந்திரம் சொல்வோம். நாளை வழியில் கண்டால் முகம் திருப்பாமல் நிற்போம். மற்றதை ஆண்டவர் பார்த்துக்கொள்வார்.

சிறுமலரே, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்.