திருக்காவலூர் தந்த வீரமாமுனிவர்

பிறந்த மண்ணைப் போற்றுவோர் பலர். புகுந்த மண்ணையே பிறந்த மண்ணாகக் கொண்டு போற்றுவோர் மிகச் சிலர். அச்சிலருள் ஒருவர், நம் அரியலூர் மாவட்டத்து ஏலாக்குறிச்சியில் வாழ்ந்து தொண்டாற்றிய வீரமாமுனிவர்.

இத்தாலி நாட்டில் காஸ்திலியோனே என்னும் சிற்றூரில் 1680-ஆம் ஆண்டு நவம்பர் 8-ஆம் நாள் இவர் பிறந்தார். புனித ஞானப்பிரகாசியார் பிறந்ததும் இதே ஊர்தான். பெற்றோர் இட்ட பெயர் கான்ஸ்டன்டைன் ஜோசப் பெஸ்கி. 1698-இல் இயேசு சபையில் சேர்ந்தார். குருப்பட்டம் பெற்றபின் 1710-இல் கப்பலேறிக் கோவாவை அடைந்து, பின்னர்த் தமிழகம் வந்தார்.

வந்தவர் நம் மக்களுள் ஒருவராகவே மாறினார். காவியுடை அணிந்தார், புலால் உணவை நீக்கினார், சுப்பிரதீபக் கவிராயரிடம் மாணவராய் அமர்ந்து தமிழ் கற்றார். தைரியநாதர் என்று தமக்குச் சூட்டிக்கொண்ட பெயரே பின்னர் வீரமாமுனிவர் என மலர்ந்தது. மறைப்பணியின் பொருட்டுச் சிறைத் துன்பமும் ஏற்றார். மரண தண்டனையின் வாயில்வரை சென்று மீண்டார்.

கொள்ளிடத்தின் வடகரையில் உள்ள ஏலாக்குறிச்சி, அந்நாளில் துன்புறுத்தலுக்கு அஞ்சி வந்த கிறிஸ்தவர்களுக்குப் புகலிடமாக இருந்தது. அங்கே அடைக்கல அன்னைக்கு ஆலயம் எழுப்பிய முனிவர், அவ்வூருக்குத் திருக்காவலூர் என்று அழகிய பெயரும் சூட்டினார். அரியலூரை ஆண்ட அரங்கப்ப மழவராயர் ராஜபிளவை நோயால் வருந்தியபோது, முனிவர் மன்றாடி மூலிகை மருந்திட்டுக் குணமாக்கினார் என்றும், நன்றி மறவா அரசர் ஆலயத்திற்கு நிலம் வழங்கிக் கல்வெட்டும் நாட்டினார் என்றும் வழிவழியாகச் சொல்லி வருகின்றனர்.

எழுத்துப் பணியிலும் முனிவர் சளைக்கவில்லை. புனித சூசையப்பரைப் பாட்டுடைத் தலைவராகக் கொண்ட தேம்பாவணி 3615 பாடல்கள் கொண்டது. 1732-இல் உருவான சதுரகராதி, பெயர், பொருள், தொகை, தொடை என நான்கு பகுதிகளாய் அமைந்து, தமிழ் அகராதிக் கலைக்கு வழிகாட்டியது. எ, ஏ என்றும் ஒ, ஓ என்றும் நாம் இன்று குழப்பமின்றி எழுதுவது இவர் செய்த எழுத்துச் சீர்திருத்தத்தின் பயன். திருக்குறளின் முதல் இரு பால்களை இலத்தீனில் பெயர்த்து ஐரோப்பியருக்கு அளித்தார். பரமார்த்த குரு கதையைப் படித்துச் சிரிக்காத மாணவியும் உண்டோ!

1747 பிப்ரவரி 4-ஆம் நாள் கேரளத்து அம்பலக்காட்டில் முனிவர் இறைவனடி சேர்ந்தார். 1968-இல் நடந்த உலகத் தமிழ் மாநாட்டின்போது சென்னைக் கடற்கரையில் இவருக்குச் சிலை வைத்துத் தமிழகம் நன்றி செலுத்தியது.

சிலை வைத்ததோடு நம் கடமை முடிந்துவிடுமா? நம் மாவட்டமே அதற்கு ஒரு பாடம் சொல்கிறது. கொள்ளிடத்தின் குறுக்கே 1836-இல் கீழணை கட்டப்பட்டபோது, கங்கைகொண்ட சோழபுரத்துப் பெருங்கோயிலின் மதிற்சுவர்க் கற்கள் பெயர்த்துக் கொண்டு செல்லப்பட்டன. எஞ்சி நின்ற கோயிலை 2004-இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக ஏற்றது. உலகம் போற்றிய பின்னும், போன மதில் திரும்பி வரவில்லை.

பழமையை இடித்தால்தான் அழியும் என்பதில்லை. அறியாமல் செய்யும் அலங்காரத்தாலும் அழியும். அரியலூர் சிமெண்டுக்குப் பெயர் பெற்ற ஊர். ஆனால் சுண்ணாம்புக் காரையால் எழுந்த பழைய சுவருக்குச் சிமெண்டுப் பூச்சு பகையாகும். சுண்ணாம்புச் சுவர் உள்ளே புகுந்த ஈரத்தை வெளியே விட்டுவிடும். சிமெண்டு அதனைத் தடுத்து உள்ளேயே தேக்கும். நாளடைவில் செங்கல் உளுத்துப்போகும். கல்வெட்டின்மேல் வண்ணம் பூசினாலோ எழுத்து மறையும். எழுத்து மறைந்தால் வரலாறும் மறையும்.

அன்புத் தோழியரே! நாம் கோயிலுக்கோ கோட்டைக்கோ சென்றால் சுவரில் பெயர் கிறுக்காதிருப்போம். ஊர்க் கல்வெட்டைக் கண்டால் ஆசிரியரின் துணையோடு படித்துப் படி எடுத்து வைப்போம். பழைய ஆலயத்தைப் புதுப்பிக்க ஊர் கூடும்போது, அத்துறை அறிந்தவரைக் கேட்டுச் செய்யுமாறு பெற்றோரிடம் பணிவோடு எடுத்துச் சொல்வோம்.

கடல் கடந்து வந்த ஒருவர் நம் மொழியின் சொற்களைத் திரட்டிக் காத்துத் தந்தார். நம் ஊரில் நிற்கும் கற்களையேனும் நாம் காக்க வேண்டாவா? அடைக்கல அன்னை அதற்குரிய மனத்தை நமக்கு அருள்வாராக!