கல்லூரிக் கதவைத் திறந்த அம்மையார்

மலருக்கு ஒரு தலைவியைப் பற்றி எழுதித் தரச் சொன்னாங்க. எனக்கு உடனே நினைவுக்கு வந்தவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. கர்ப்பிணிகளுக்கான 18,000 ரூபாய் உதவித்தொகைத் திட்டம் அவர் பெயரில்தான் இருக்கு. அந்தப் பெயரை நாம எல்லாரும் அறிவோம், அவர் வாழ்க்கையை அறிந்தவர்கள் குறைவு.

1886 ஜூலை 30 அன்று புதுக்கோட்டையில் பிறந்தார். நம்ம திருவண்ணாமலை மாதிரி அதுவும் பெருநகரம் இல்லை. அப்பா நாராயணசாமி ஐயர் கல்லூரி முதல்வர். அம்மா சந்திரம்மாள், கோயிலுக்குப் பொட்டுக்கட்டும் வழக்கம் இருந்த குலத்தில் பிறந்தவர். வயதுக்கு வந்ததும் பள்ளியை நிறுத்தினாங்க. வீட்டிலேயே படித்து மெட்ரிகுலேஷன் தேறினார்.

அடுத்து மகாராஜா கல்லூரி. அங்கே ஆண்கள் மட்டும்தான். ஒரு பெண் வந்தால் பையன்கள் கெட்டுப்போவாங்கன்னு எதிர்ப்பு கிளம்பியது. மன்னர் அனுமதி தந்ததால் சேர முடிந்தது. பிறகு சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து 1912இல் டாக்டர் ஆனார்.

சென்னை மாகாண சட்ட மேலவையின் முதல் பெண் உறுப்பினராகி, துணைத் தலைவராகவும் இருந்தார். பொட்டுக்கட்டும் வழக்கத்தை ஒழிக்கப் போராடினார். 1947இல் அது சட்டமானது. ஆதரவற்ற பெண் பிள்ளைகள் தங்கிப் படிக்க ஔவை இல்லம் தொடங்கினார். தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர், 1954இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையைத் திறக்க வைத்தார். 1968இல் காலமானார்.

இதில் நான் கவனிச்ச விஷயம் ஒன்று. சொந்த ஊரிலேயே கல்லூரி இருந்ததால்தான் அவர் முதல் படியில் கால் வைக்க முடிந்தது. இன்னைக்கு நம்ம ஊரிலும் அரசு கலைக் கல்லூரி இருக்கு, அரசு மருத்துவக் கல்லூரியும் இருக்கு. அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து படித்த பெண் கல்லூரி போனால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வருது.

என் மகள் பிளஸ் டூ முடித்ததும் சொந்தக்காரங்க வரன் கொண்டு வந்தாங்க. குழுவில் கடன் வாங்கிக் கல்லூரியில் சேர்த்தேன். தவணை இன்னும் கட்டிட்டுத்தான் இருக்கேன், பாரமாத் தெரியலை. சகோதரிகளே, மாடு வாங்கக் கடன் கேட்கும் நாம, மகள் படிப்புக்கும் தயங்காமல் கேட்போம். அன்னைக்கு மன்னரின் அனுமதி தேவைப்பட்டது. இன்னைக்கு நம்ம வீட்டு அனுமதி கிடைத்தால் போதும்.