வாழ்ந்து காட்டிய வேதியர் வீரமாமுனிவர்

நற்செய்தி அறிவித்தல் என்றவுடன் நம் கண்முன் தோன்றுவது எது? ஒரு மேடை, ஒலிபெருக்கி, வேதாகமத்தைக் கையில் ஏந்தி முழங்கும் போதகர். அது குருக்களுக்கும் கன்னியருக்கும் உரிய பணி, பள்ளி மாணவியராகிய நமக்கும் அதற்கும் தொடர்பில்லை என்றே நம்மில் பலர் எண்ணுகிறோம். ஆனால் ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகளுக்கு முன் நம் கடலூர்ச் சீமையில் நடந்து, நம் மொழியைக் கற்று, நம் மக்களுள் ஒருவராக வாழ்ந்த ஒரு துறவியின் வரலாற்றைப் படிக்கும்போது அந்த எண்ணம் மாறிவிடுகிறது. அவரே தமிழகம் போற்றும் வீரமாமுனிவர். தேம்பாவணியின் ஆசிரியராக அவரைத் தமிழ்ப் பாடத்தில் நாம் அறிவோம். நல்ல சீடராக அவர் எவ்வாறு வாழ்ந்தார் என்பதை இங்கே காண்போம்.

இளமையும் அழைப்பும்

வீரமாமுனிவர் 1680-ஆம் ஆண்டு நவம்பர் 8-ஆம் நாள் இத்தாலி நாட்டில் காஸ்திலியோனே என்னும் ஊரில் பிறந்தார். இளையோரின் பாதுகாவலரான புனித ஞானப்பிரகாசியார் பிறந்ததும் அவ்வூரே. பெற்றோர் இட்ட பெயர் கான்ஸ்டன்டைன் ஜோசப் பெஸ்கி. 1698-இல் சேசு சபையில் சேர்ந்து, 1709-இல் குருப்பட்டம் பெற்றார். அறிவும் புலமையும் நிறைந்த அவருக்குத் தம் நாட்டிலேயே உயர்ந்த பதவிகள் காத்திருந்திருக்கலாம். அவரோ கடல் கடந்து மதுரை மிஷனுக்கு வரவே விரும்பினார்.

மதுரை மிஷன் அப்போது எளிய இடமாக இருக்கவில்லை. தத்துவபோதகர் எனப்பட்ட இராபர்ட் தெ நொபிலி 1606-இல் மதுரைக்கு வந்து, காவி உடுத்தி, மரக்கறி உண்டு, தமிழ் பயின்று அங்கே ஒரு புது வழியைத் தொடங்கியிருந்தார். அவ்வழியில் வந்த அருளானந்தர் 1693 பிப்ரவரி 4-ஆம் நாள் ஓரியூரில் தலை வெட்டுண்டு வேதசாட்சியானார். அச்சம்பவம் நடந்து இருபது ஆண்டுகள்கூட ஆகவில்லை. இவற்றையெல்லாம் அறிந்தே பெஸ்கி அடிகள் 1710-இல் கோவாவுக்கு வந்து, மறு ஆண்டு மதுரை மிஷனை அடைந்தார்.

முப்பது வயதில் மாணவர்

குருவானவராக வந்தவர் முதலில் செய்தது போதிப்பதன்று, கற்பதே! முப்பது வயதில் அகர முதல் தமிழ் படிக்க அமர்ந்தார். சுப்பிரதீபக் கவிராயர் அவருக்கு ஆசிரியராக விளங்கினார் என்பர். திருக்குறளையும் சிந்தாமணியையும் கம்பனையும் அவர் ஆழ்ந்து கற்றார். கான்ஸ்டன்டைன் என்ற தம் பெயரின் பொருளைத் தழுவித் தைரியநாதர் என்று பெயர் வைத்துக்கொண்டார். பின்னாளில் தமிழ் மக்கள் அவரை வீரமாமுனிவர் என்று அழைத்தனர்.

அந்தப் பெயருக்கு அவர் முற்றிலும் தகுதியானவர். நெல்லைச் சீமையில் பணியாற்றிய தொடக்க ஆண்டுகளில் ஒருமுறை பிடிபட்டு, மரண தண்டனையின் விளிம்புவரை சென்று மீண்டார். மீண்டவர் இத்தாலிக்குக் கப்பலேறவில்லை. வடக்கு நோக்கி வந்து, அடுத்த பணித்தளத்தில் தம் வேலையைத் தொடர்ந்தார்.

நம் மண்ணில் முனிவர்

சிதம்பரத்துக்குத் தெற்கே கடலில் கலக்கும் கொள்ளிடத்தை நாம் அறிவோம். அவ்வாற்றின் வழியே மேற்கே சென்றால் அதன் வடகரைப் பக்கம் ஏலாக்குறிச்சி உள்ளது. அதற்குத் திருக்காவலூர் என்று பெயரிட்டு, அங்கே அடைக்கல மாதாவுக்கு ஆலயம் அமைத்து, நெடுநாள் தங்கினார் முனிவர். நம் கடலூர் மாவட்டத்தில் விருத்தாசலம் பக்கம் உள்ள கோணான்குப்பத்தில் பெரியநாயகி அன்னையின் திருத்தலம் உள்ளது. அதுவும் அவர் கண்ட ஆலயமே. முகாசாபரூர்க் கச்சிராயர் அதற்கு உதவினார் என்பது அப்பகுதி மக்கள் வழிவழியாகச் சொல்லிவரும் செய்தி. தேம்பாவணியின் பாடல்களை முனிவர் அங்கிருந்து இயற்றியதாகவும் சொல்வர்.

பெரியநாயகி அன்னையின் உருவத்தைப் பார்த்தவர்களுக்கு ஒன்று புரியும். அன்னை ஐரோப்பிய அரசியைப் போல் நிற்கவில்லை. தமிழ்ப் பெண்ணைப் போல் புடவை உடுத்தி, மகனை ஏந்தி நிற்கிறாள். வயலில் களை எடுத்துவிட்டு வந்த ஒரு தாய், அந்த அன்னையிடம் தன் மொழியில் தன் குறையைச் சொல்லக் கூசமாட்டாள் அல்லவா? விசுவாசம் அந்நியர் வீட்டுப் பொருளாக இருக்கக் கூடாது, நம் வீட்டு அடுப்படிவரை வர வேண்டும் என்று முனிவர் கருதியதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமோ!

தச்சரின் காப்பியம்

சேக்கிழார் பெருமான் பெரியபுராணத்தை அரங்கேற்றிய ஊர் தில்லை என்று தமிழ் வரலாறு கூறுகிறது. அடியார் வரலாற்றைப் பாட்டாகக் கேட்டு உருகும் மக்கள் இந்நாட்டு மக்கள். அவர்களுக்குத் தம் மறையின் அடியார் ஒருவரைப் பற்றி முனிவர் பாடிய காப்பியமே தேம்பாவணி. 1726-இல் நிறைவுற்ற இந்நூலில் 3 காண்டங்கள், 36 படலங்கள், 3615 பாடல்கள் உள்ளன.

யாரைப் பாடினார்? அரசனையா? போர்வீரனையா? நாசரேத்தூரில் உளி பிடித்து உழைத்த புனித சூசையப்பரைப் பாடினார். சூசையப்பர் பேசிய சொல் ஒன்றுகூட நற்செய்தி நூல்களில் இல்லை. தேவமாதாவையும் திருக்குழந்தையையும் காத்தார். தச்சு வேலை செய்தார். இறைவன் சொன்னதைச் செய்தார். வாய் பேசாத அன்றாட வாழ்வே ஒரு மனிதரை மாபெரும் சீடராக்கும் என்பதற்கு அவரே சாட்சி. அத்தகைய ஒருவரைக் காப்பியத் தலைவராக்கியதில் முனிவரின் உள்ளம் நமக்குத் தெரிகிறது. நம்மைப் போன்ற பெண்களையும் அவர் மறக்கவில்லை. கன்னியும் வேதசாட்சியுமான கித்தேரியம்மாளின் வரலாற்றை, தமிழ்ப் பெண்கள் விளையாடிப் பாடும் அம்மானை வடிவில் பாடித் தந்தார்.

வேதியரும் மூடச் சீடரும்

அக்காலத்தில் குருக்கள் மிகச் சிலரே. ஊர்களோ பல, பாதைகளோ கரடுமுரடு. ஒரு சிற்றூருக்குக் குரு எப்போதாவதுதான் வர முடிந்தது. மற்ற நாள்களில் செபம் சொல்லிக் கொடுத்தவர், நோயாளியைச் சந்தித்தவர், சாகும் தறுவாயில் இருந்தவருக்குத் திருமுழுக்கு அளித்தவர் யார்? வேதியர் அல்லது உபதேசியார் எனப்பட்ட இல்லறத்தார். அவர்கள் மனைவி மக்களோடு ஊரில் வாழ்ந்தவர்கள். மேடையில் பேசுபவரின் குறை பேச்சு முடிந்ததும் மறந்துபோகும். அடுத்த வீட்டில் வாழ்பவரின் குறை ஆண்டு முழுவதும் தெரியுமே! எனவே அவர்களுக்காக முனிவர் 1727-இல் எழுதிய உரைநடை நூலுக்கு வேதியர் ஒழுக்கம் என்றே பெயர் வைத்தார். போதிப்பவர் முதலில் தம் வாழ்வைச் செப்பனிட வேண்டும் என்பதே அந்நூலின் நோக்கம்.

இதற்கு மறுபுறமாக, சிரிக்கச் சிரிக்க அவர் எழுதிய பரமார்த்த குரு கதையை நாம் அறிவோம். மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன் ஆகிய ஐவரும் ஆற்றைக் கடந்தபின் எத்தனை பேர் என்று எண்ணுகிறார்கள். எண்ணுபவன் தன்னை விட்டுவிட்டு எண்ணுவதால், ஒருவரை ஆறு கொண்டுபோய்விட்டது என்று அழுகிறார்கள். தமிழ் கற்க வந்த அயல்நாட்டாருக்குப் பேச்சு வழக்குத் தமிழைப் பழக்குவதற்காக எழுதிய கதை அது. ஆயினும் சீடத்துவம் பற்றிய பாடமும் அதில் ஒளிந்திருக்கிறது. பிறர் குறைகளை எல்லாம் ஒன்று விடாமல் எண்ணிவிட்டுத் தன்னை மட்டும் எண்ண மறப்பவர், அந்த ஐவரோடு ஆறாவது சீடர் ஆகிவிடுவார்!

கடுஞ்சொல்லும் அச்சுக்கூடமும்

முனிவரின் வாழ்வில் நாம் மறைக்கக் கூடாத ஒரு பக்கமும் உண்டு. சிதம்பரத்துக்குத் தெற்கே கடற்கரையில் உள்ள தரங்கம்பாடிக்கு 1706-இல் சீகன்பால்கு ஐயர் முதலிய லுத்தரன் போதகர்கள் வந்தனர். அவர்கள் அச்சுக்கூடம் நிறுவி, புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டனர். 1737-இல் நம் கடலூரிலும் பணி தொடங்கினர். இரு சபையாரும் ஒரே மக்களிடையே உழைத்ததால் பூசல் மூண்டது. ஒருவரை ஒருவர் மறுத்து நூல்கள் எழுதினர். முனிவரும் வேத விளக்கம், பேதகமறுத்தல் போன்ற நூல்களை எழுதினார். அவருடைய மறுப்பு எழுத்துகளில் கடுஞ்சொல்லும் ஏளனமும் உண்டு. கிறிஸ்துவை அன்பு செய்த இரு சாராரும் ஒருவரை ஒருவர் அன்பு செய்யத் தவறினர் என்று வருத்தத்தோடுதான் சொல்ல வேண்டும்.

ஆனால் வியப்பைப் பாருங்கள்! முனிவர் இலத்தீன் மொழியில் எழுதிய கொடுந்தமிழ் இலக்கணம் 1738-இல் அச்சேறியது. எந்த அச்சுக்கூடத்தில் தெரியுமா? அதே தரங்கம்பாடி அச்சுக்கூடத்தில்! வாதத்தில் எதிரிகளாக நின்றவர்கள், மக்களின் மொழியைக் கற்க அவருடைய நூலையே நாடினர். வாதத்துக்காக எழுதியவற்றை இன்று ஆராய்ச்சியாளர் தவிர வேறு யாரும் படிப்பதில்லை. மக்களுக்குப் பயன்பட எழுதியவையே நிலைத்து நின்றன. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964-இல் கிறிஸ்தவ ஒன்றிப்புப் பற்றிய ஏட்டை வெளியிட்டு, பிற சபையாரைச் சகோதரராக ஏற்கக் கற்றுத் தந்தது. ஆற்காடு லுத்தரன் திருச்சபையின் தலைமையகம் உள்ள ஊரில் வாழும் நமக்கு இது ஏட்டோடு நிற்கும் செய்தியன்று. அடுத்த தெருவில் வாழும் செய்தி.

எல்லாருக்கும் பொதுவான தொண்டு

முனிவர் தமிழுக்குச் செய்த தொண்டு எம்மதத்தார்க்கும் பொதுவானது. ஓலையில் எழுதும்போது புள்ளி விடுபட்டதால் எகர ஏகாரமும் ஒகர ஓகாரமும் மயங்கின. அம்மயக்கம் தீர, ஏ, ஓ என்று நெடிலைப் பிரித்துக் காட்டினார். இரட்டைக் கொம்பையும் அமைத்தார். நாம் இன்று எழுதும் ஒவ்வொரு பக்கத்திலும் அவர் கைவண்ணம் உள்ளது. ஐந்திலக்கணம் கூறும் தொன்னூல் விளக்கத்தையும், 1732-இல் சதுரகராதியையும் தந்தார். திருக்குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் இலத்தீனில் பெயர்த்தார். கொடுப்பதற்கு மட்டும் வந்தவராக அவர் தம்மை எண்ணவில்லை. இந்நாட்டில் பெறுவதற்கும் செல்வம் உண்டு என்று கண்டார்.

1747 பிப்ரவரி 4-ஆம் நாள் கேரளத்து அம்பலக்காட்டில் முனிவர் இறைவனடி சேர்ந்தார். அருளானந்தர் இரத்தம் சிந்திய அதே நாள்! ஒருவர் ஒரே நாளில் உயிரைக் கொடுத்தார். மற்றவர் முப்பத்தாறு ஆண்டுகளில் நாள்தோறும் சிறிது சிறிதாகக் கொடுத்தார். இரண்டும் சாட்சியமே. 1968-இல் உலகத் தமிழ் மாநாட்டையொட்டிச் சென்னைக் கடற்கரையில் தமிழறிஞர்களின் வரிசையில் அவருக்கும் சிலை எழுந்தது.

நமக்கு என்ன?

அன்புத் தோழியரே! நம் வகுப்பில் ஆருத்ரா தரிசனத்துக்குச் சிதம்பரம் செல்லும் தோழியர் உண்டு. ரமலான் நோன்பு நோற்கும் தோழியர் உண்டு. ஞாயிறு திருப்பலிக்குச் செல்லும் நாமும் உண்டு. இவர்களிடையே நாம் சீடராக வாழ்வது எப்படி? மேடை தேவையில்லை. முனிவர் செய்ததைப் போலத் தோழியின் வாழ்வை முதலில் மதிப்போடு கற்போம். அவள் நோன்பிருக்கும் நாளில் அவள் எதிரே தின்னாதிருப்போம். தேர்வில் காப்பியடிக்க வாய்ப்பிருந்தும் அடிக்காதிருப்போம். வகுப்பில் யாரும் பேசாத பெண்ணோடு போய் அமர்வோம். வீட்டில் அம்மாவின் வேலையைச் சொல்லாமலே பகிர்ந்துகொள்வோம்.

2004-இல் சுனாமி வந்தபோதும், 2011-இல் தானே புயல் அடித்தபோதும், 2015-இல் வெள்ளம் சூழ்ந்தபோதும் நம் கடலூர் மக்கள் பட்ட துன்பத்தை வீட்டுப் பெரியோர் சொல்லக் கேட்டிருக்கிறோம். அப்போது சோற்றுப் பொட்டலத்தை நீட்டிய கை எம்மதத்துக் கை என்று பசித்தவர் எவரும் கேட்கவில்லையாம். அந்தக் கையே அன்று போதித்தது.

தன்னை எண்ண மறந்த மூடச் சீடராக வாழாமல், தன்னைத் திருத்திக்கொண்டு பிறர்க்கு உதவும் நல்ல வேதியராக வாழ்வோம். சொல்லில் இனிமையும் செயலில் உண்மையும் கொள்வோம். நம் மண்ணில் நடந்த அந்த மாமுனிவருக்கு நாம் செலுத்தும் நன்றி அதுவே ஆகும்.