சோபியா கற்பித்த பாடம்

முதுகலை முதலாண்டில் ஒரு தேர்வில் தேற்றமொன்றை எழுதினேன். நிரூபணம் முழுவதும் மனப்பாடம். ஆனால் தேற்றத்தின் நிபந்தனையை எழுதாமல் விட்டுவிட்டேன். மதிப்பெண் போயிற்று. ஒரு வரிக்காகவா இத்தனை தண்டனை என்று மனம் புழுங்கினேன். அந்தப் புழுக்கத்தைப் போக்கியவர், 1891-இல் மறைந்த ஒரு ருஷ்யப் பெண்மணி. அவரே சோபியா கோவலெவ்ஸ்கயா.

1850-இல் மாஸ்கோவில் பிறந்தவர் சோபியா. கிராமத்து மாளிகையில் குழந்தைகள் அறைக்குச் சுவர்த்தாள் போதாமற்போகவே, நுண்கணித விரிவுரைத் தாள்களை ஒட்டியிருந்தார்கள். புரியாத அக்குறியீடுகளைப் பார்த்துப் பார்த்தே அச்சிறுமி வளர்ந்தார். அன்றைய ருஷ்யப் பல்கலைக்கழகங்களில் பெண்களுக்கு இடமில்லை. மணமாகாத பெண் தனித்து அயல்நாடு செல்லவும் வழியில்லை. ஆகவே 1868-இல் விளாதிமிர் கோவலெவ்ஸ்கியைப் பெயரளவில் மணந்து, மறு ஆண்டு ஹைடல்பர்க் சென்றார். 1870-இல் பெர்லின் பல்கலைக்கழகமும் கதவடைத்தது. பேராசிரியர் வையர்ஸ்ட்ராஸ் கடினமான கணக்குகளைக் கொடுத்துச் சோதித்தார். விடைகளைக் கண்டு வியந்து, நான்காண்டுகள் தனியே கற்பித்தார். 1874-இல் கோட்டிங்கன் பல்கலைக்கழகம் டாக்டர் பட்டம் அளித்தது.

அவருடைய ஆய்வுகளுள் ஒன்று பகுதி வகைக்கெழுச் சமன்பாடுகளைப் பற்றியது. குறிப்பிட்ட நிபந்தனைக்கு உட்பட்டால், குவியும் அடுக்குத் தொடராகத் தீர்வு உண்டு என நிறுவினார். அத்தோடு நின்றாரா? இல்லை! நிபந்தனை தவறினால் என்னாகும் என்றும் ஆராய்ந்தார். எளிய வெப்பச் சமன்பாட்டை எடுத்துக்கொண்டு, அங்கே தொடர் குவியாமற்போவதைக் காட்டினார். இதைப் படித்தபோதுதான் என் பிழை எனக்கு விளங்கிற்று. நிபந்தனை அலங்காரமன்று, தேற்றத்தைத் தாங்கும் கடைக்கால்.

பட்டம் பெற்றும் ருஷ்யாவில் தகுந்த பணி கிட்டவில்லை. சில ஆண்டுகள் கணிதத்தையே விட்டிருந்தார். 1883-இல் கணவர் தற்கொலை செய்துகொண்டார். அதே ஆண்டின் இறுதியில் ஸ்டாக்ஹோம் சென்று விரிவுரையாளரானார். 1889-இல் முழுப் பேராசிரியரானார். நிலையான புள்ளியைப் பற்றிச் சுழலும் திண்பொருளின் இயக்கத்தை ஆராய்ந்ததற்காக, 1888-இல் பாரிஸ் அகாதமி போர்தின் பரிசை வழங்கியது. கட்டுரையின் சிறப்பு கருதிப் பரிசுத் தொகையை 3,000 பிராங்கிலிருந்து 5,000 ஆக உயர்த்தியது. 41-ஆம் வயதில் அவர் மறைந்தார்.

நாளை சூத்திரங்கள் பல எனக்கு மறந்துபோகலாம். ஆனால் எவரேனும் ஒன்றை அடித்துச் சொல்லும்போது, அது எந்த நிபந்தனையில் உண்மை என்று கேட்கும் பழக்கம் மறவாது. தோழர்களே, உயர்கணிதம் நமக்குத் தரும் நிலைத்த செல்வம் அதுவே!