ஓரியூர்ச் செம்மண்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி.)

நான் உறையூர்க்காரன். சிறுவயதில் என் பாட்டி அருளானந்தர் கதையைச் சொல்லி, அவர் தலை கொடுத்த ஊர் ஓரியூர் என்பாள். என் காதில் அது உறையூர் என்றே விழும். எங்கள் நெசவாளர் தெருக்களில் எந்த மூலையில் அவரை வெட்டியிருப்பார்கள் என்று தேடித் திரிந்திருக்கிறேன். இராமநாதபுரம் மாவட்டத்தில், திருவாடானை வட்டத்தில் அப்படியோர் ஊர் இருப்பது உயர்நிலைப் பள்ளிக்குப் போனபின்தான் தெரிந்தது.

ஜான் டி பிரிட்டோ என்னும் அருளானந்தர் 1647 மார்ச் 1ஆம் நாள் போர்த்துக்கல் நாட்டு லிஸ்பன் நகரில், பிரபுக் குடும்பத்தில் பிறந்தார். அரண்மனையில் இளவரசர் பேதுருவுடன் வளர்ந்தவர், 15 வயதில் இயேசு சபை புகுந்தார். 1673இல் கப்பலேறிக் கோவா வந்து, மறு ஆண்டு மதுரை மறைத்தளத்தை அடைந்தார். அந்நாளில் மதுரை நாயக்கரின் தலைநகரம் நம் திருச்சிராப்பள்ளியே என்பதை நண்பர்களுக்கு நினைவூட்டுகிறேன். காவியுடுத்து, புலால் நீக்கி, பண்டாரசாமியாக ஊர் ஊராக நடந்தார்.

1686இல் மறவர் சீமையிலுள்ள மங்கலத்தில் உபதேசியார்களுடன் பிடிபட்டார். சிவநாமம் சொன்னால் விடுதலை என்றார்கள், அவர் சொல்லவில்லை. கயிற்றில் கட்டி நீரில் அமுக்கினார்கள், சுடுபாறையில் கிடத்தினார்கள். அந்தப் பெயரை இகழ்ந்ததால் அவர் மறுத்தார் என நான் கருதவில்லை. அடித்துச் சொல்லவைத்தால் அது யாருக்குச் செய்யும் வழிபாடு? இறுதியில் சேதுபதி மன்னர் அவரை விடுவித்து, தம் நாட்டில் இனிப் போதிக்கலாகாது என்று ஆணையிட்டார்.

அடுத்த ஆண்டு சபைப் பணியாக அவரை லிஸ்பனுக்கே அனுப்பினார்கள். பழைய தோழர் பேதுரு அப்போது அரசர்; அங்கேயே தங்கிவிடும்படி வேண்டினார். தாயாரும் உயிரோடிருந்தார். பாறையில் கிடந்ததைவிட இந்தச் சோதனையே கடுமையானது என்று எனக்குப் படுகிறது. ஆயினும் 1690இல் அவர் திரும்பிவந்தார், தடை செய்யப்பட்ட அதே சீமைக்கு.

அங்கே தடியத்தேவர் என்னும் மறவர் தலைவர் நோய் நீங்கித் திருமுழுக்குப் பெற விரும்பினார். பல மனைவியரில் ஒருத்தியோடு மட்டுமே வாழவேண்டும் என்பது நிபந்தனை. 1693 சனவரியில் அவர் திருமுழுக்குப் பெற, விலக்கப்பட்டவர்களில் இளையவளான கடலாயி, சேதுபதியின் உறவினள், அரண்மனை சென்று முறையிட்டாள். நூல்கள் அவளைக் குற்றவாளிபோல எழுதுகின்றன. வீட்டைவிட்டு அனுப்பப்பட்ட பெண் வேறெங்கே போவாள்? எனக்கு அவள்மீது கோபம் வரவில்லை.

சனவரி 8இல் அருளானந்தர் மீண்டும் சிறைப்பட்டார். சிறையில் கரித்தூளை நீரில் குழைத்து மையாக்கிக் கடிதம் எழுதினார். பின் ஓரியூருக்கு அனுப்பப்பட்டார். பிப்ரவரி 4, திருநீற்றுப் புதன். மண்டியிட்டு வெகுநேரம் செபித்தபின் எழுந்து, வெட்ட வந்தவனைத் தழுவிக்கொண்டார் என்பர். அப்போது அவருக்கு 46 வயதுகூட நிறையவில்லை. 1947 சூன் 22இல் திருத்தந்தை 12ஆம் பயஸ் அவருக்குப் புனிதர் பட்டம் வழங்கினார்.

எங்கள் வீட்டில் அம்மாவும் பாட்டியும்தான் கோவிலுக்குப் போவார்கள். தறி நெய்யும் அப்பாவுக்கு அது பிடிக்காது. ஒருநாள் அம்மாவின் செபமாலையை அறுத்தெறிந்தார். அம்மா எதிர்த்துப் பேசவில்லை. தறிக்குழியில் விழுந்த மணிகளைப் பொறுக்கி, பாவு நூலிலேயே கோத்துக்கொண்டாள். விடியுமுன் எழுந்து இன்றும் அதைத்தான் உருட்டுகிறாள். அவளுக்காகப் பேசாமல் நான் போர்வைக்குள் கிடந்த நாட்கள் பல.

சென்ற பிப்ரவரியில் ஓரியூர் போனேன். மண் செக்கச் சிவந்திருந்தது. எல்லாரும் அள்ளினார்கள், நானும் ஒரு காகிதத்தில் மடித்து வந்தேன். அம்மாவிடம் கொடுக்கும்போது அப்பா பார்த்துவிட்டார். என்னடா அது என்றார். இந்தமுறை நான் மறைக்கவில்லை. பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்தவர், மீண்டும் மடித்து அம்மாவின் கையிலேயே வைத்துவிட்டுத் தறிக்குழியில் இறங்கினார்.