உறங்கிய கணிதமும் ஒலித்த யாழும்

காரைதீவிலே 1892 ஆம் ஆண்டிற் பிறந்த மயில்வாகனனாரே விபுலாநந்த அடிகளார் என்பதை நம் மாணவர் அறிவர். நாம் இங்குக் கூற விழைவது அவர் கற்ற விஞ்ஞானத்தைப் பற்றியே.

அடிகளார் முதலில் நம்மைப்போற் பயிற்றப்பட்ட ஆசிரியர். 1916 இல் மதுரைத் தமிழ்ச் சங்கப் பண்டிதர்; 1920 இல் இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டதாரி. 1924 இல் துறவு பூண்டார்; பின்னர் அண்ணாமலையிலும் இலங்கையிலும் தமிழ்ப் பேராசிரியராய் அமர்ந்தார். துறவிக்கும் தமிழ்ப் பேராசிரியருக்கும் பௌதிகம் எதற்கு? கற்றது வீணாயிற்றென்றே நாம் எண்ணியிருப்போம். சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையில் யாழாசிரியன் இலக்கணம் கூறும் அடிகளை ஆராயப் புகுந்தபோது அக்கல்வி விழித்துக்கொண்டது. நரம்பின் நீளத்தையும் சுருதியையும் கணக்கிட்டு, வழக்கொழிந்த யாழ்களின் அமைப்பை அவர் மீட்டார். வெறும் பண்டிதராலோ வெறும் பட்டதாரியாலோ இயலாத பணி அது.

மட்டக்களப்பு வாவியின் மீனிசையும் யாழ்நூலில் இடம்பெற்றது. செங்கலடியிலிருந்து கல்லடிக்குச் சென்று இரவில் அதற்குச் செவிகொடுத்தோர் நம்முள் எத்துணை பேர்?

1947 யூன் மாதத்தில் நூல் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறியது. யூலை 19 இல் அடிகளார் மறைந்தார். கல்லடி உப்போடையிற் சமாதி கொண்டுள்ளார்.